ஒரு விஎம், பத்து நகல்: கட்டளை வரியில் மெய்நிகர் கணினிகளை நகலெடுக்கும் முறை

மியன்மாரில் யாங்கோனிலோ மோல்மேனிலோ ஒரு சிறிய கணினி வகுப்புக்குப் பத்து லினக்ஸ் கணினிகள் வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து முறை நிறுவுவது வீண் உழைப்பு. ஒவ்வொரு நிறுவலுக்கும் பல நூறு எம்பி அப்டேட் இறங்க வேண்டும். நெட் மெதுவாக இருக்கும் நாளில் அதற்கே அரை நாள் போய்விடும். நடுவில் கரண்ட் போனால் மறுபடி முதலிலிருந்து. அதற்குப் பதில் ஒரே ஒரு மெய்நிகர் கணினியை (விஎம், அதாவது ஒரு கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி) நிதானமாக நிறுவி, வேண்டிய நிரல்களையும் எழுத்துருக்களையும் அதில் போட்டு, அதையே நகலெடுத்துக்கொள்ளலாம். அப்டேட் ஒரு முறைதான் இறங்கும்.

டிஸ்க்கை நகலெடுப்பது ஒரே கட்டளையில் முடிந்துவிடும். புதியவர்கள் தடுமாறுவது அதற்குப் பிறகுதான். பத்து நகல்களும் தாங்கள்தான் அந்த முதல் கணினி என்று நினைத்துக்கொண்டு எழுந்திருக்கும். பெயர் ஒன்று, உள் அடையாள எண் ஒன்று, தொலைவிலிருந்து உள்நுழையும் வழியான எஸ்எஸ்ஹெச்சின் சாவி ஒன்று. அந்த அடையாளங்களை மாற்றுவதுதான் இந்த வேலையில் பெரும்பகுதி. அதனால் இந்தக் கட்டுரையிலும் பெரும்பகுதி அதற்கே.

கட்டளைகளை இங்கே வாசிக்கும் ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறோம். தட்டும்போது, மூலம், வகுப்பு01 போன்ற பெயர்கள் உட்பட, எல்லாம் ரோமன் எழுத்து; பேரெழுத்து என்று சொன்ன இடம் தவிர மற்றதெல்லாம் சிற்றெழுத்து. கட்டளையின் முதல் சில எழுத்துகளைத் தட்டி டேப் விசையை அழுத்தினால் மீதியை டெர்மினலே நிரப்பும். உதாரணமாக வி, ஐ, ஆர், டி, ஒரு ஹைஃபன் என்று தட்டி டேப்பை இரண்டு முறை அழுத்துங்கள். இங்கே வரும் விர்ட்-குளோன், விர்ட்-சிஸ்ப்ரெப், விர்ட்-கேட் எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். விருப்பங்களின் சரியான எழுத்துக்கூட்டு வேண்டுமானால் கட்டளைக்குப் பின்னால் --ஹெல்ப் போடுங்கள்.

ஹோஸ்ட் கணினியில் என்ன வேண்டும்

இங்கே சொல்வது உபுண்டு, டெபியன் ஹோஸ்ட்டில் (விஎம்களைத் தாங்கி ஓட்டும் உண்மைக் கணினி) ஓடும் கேவிஎம், லிப்வர்ட் ஏற்பாட்டுக்கு. கேவிஎம் என்பது விஎம்களை ஓட்டும் லினக்ஸ் வசதி, லிப்வர்ட் அவற்றை நிர்வகிக்கும் மென்பொருள். விர்ச்சுவல்பாக்ஸ் என்ற வேறு விஎம் மென்பொருள் வைத்திருப்பவர்களுக்குக் கடைசிக்கு முன்னால் ஒரு பகுதி இருக்கிறது.

முதலில் பிராசசர் இடம் கொடுக்கிறதா என்று பாருங்கள். சிபியு-செக்கர் என்ற பொதியை நிறுவி, சூடோ கேவிஎம்-ஓகே என்று தட்டினால் (சூடோ என்பது கட்டளையை நிர்வாகி அனுமதியோடு ஓட்டும்) ஒரே வரியில் பதில் வரும். அலுவலகங்களில் ஓடி விற்பனைக்கு வந்த செகண்ட் ஹேண்ட் கணினிகளில் இந்த வசதி பயாஸில் (கணினி எழும்போது திறக்கும் அடிப்படை அமைப்புத் திரை) அணைந்திருப்பது சகஜம். இன்டெல் என்றால் விடி-எக்ஸ், ஏஎம்டி என்றால் எஸ்விஎம் என்ற பெயரில் பயாஸுக்குள் இருக்கும். அதைப் போட்டுவிட்டு, கணினியை முழுசாக அணைத்து எழுப்புங்கள்.

பிறகு பொதிகள்:

சூடோ ஆப்ட் இன்ஸ்டால் கியூஇஎம்யூ-சிஸ்டம்-எக்ஸ்86 லிப்வர்ட்-டீமன்-சிஸ்டம் லிப்வர்ட்-கிளையன்ட்ஸ் விர்ட்இன்ஸ்ட் லிப்கெஸ்ட்எஃப்எஸ்-டூல்ஸ்

விர்ட்-குளோன் கட்டளை விர்ட்இன்ஸ்ட் பொதியில் வருகிறது. அடையாளம் மாற்றும் கருவிகள் கடைசிப் பொதியில் வருகின்றன. அது கொஞ்சம் பெரியது. டேட்டாவை மிச்சம் பிடிக்கிறோம் என்று அதை விட்டுவிடாதீர்கள், பின்னால் எல்லாவற்றையும் கையால் செய்ய வேண்டிவரும்.

லிப்வர்ட்டின் கட்டளைக் கருவி விர்ஷ். விர்ஷ் லிஸ்ட் --ஆல் என்று தட்டினால் எல்லா விஎம்களின் பட்டியலும் வரவேண்டும். விஎம் இருந்தும் பட்டியல் காலியாக வந்தால் பயப்படாதீர்கள். லிப்வர்ட்டில் கணினி முழுவதற்குமான இணைப்பு ஒன்றும், ஒவ்வொரு பயனருக்கும் தனி இணைப்பு ஒன்றும் உண்டு. நீங்கள் தனி இணைப்புக்குள் நுழைந்திருக்கிறீர்கள். கட்டளைக்கு முன்னால் சூடோ போட்டால் பொது இணைப்பு திறக்கும். இந்தக் கட்டுரை முழுக்க சூடோவோடுதான் போகிறது. உபுண்டுவில் கர்னல் கோப்பை ரூட் (நிர்வாகி) மட்டுமே வாசிக்க முடியும் என்பதால், லிப்கெஸ்ட்எஃப்எஸ் கருவிகள் சூடோ இல்லாமல் பெரும்பாலும் பாதியில் நின்றுவிடும்.

மூலத்தைத் தயார் செய்தல்

நகலெடுக்கப் போகும் விஎம்மை மூலம் என்று அழைப்போம். இதில் செலவிடும் ஒரு மணி நேரம் பத்து நகலிலும் பலன் தரும். 20 ஜிபி டிஸ்க், 2 ஜிபி ராம், கியூகவ்2 என்ற டிஸ்க் கோப்பு வடிவம். வகுப்புக்கு இவ்வளவு போதும். கியூகவ்2 கோப்பு சொன்ன அளவு முழுவதையும் உடனே பிடித்துக்கொள்ளாது. உள்ளே எழுத எழுதத்தான் வளரும். 20 ஜிபி என்று சொன்ன டிஸ்க் ஹோஸ்ட்டில் 5 ஜிபிதான் பிடித்திருக்கும். உண்மை நிலவரத்தை கியூஇஎம்யூ-ஐஎம்ஜி இன்ஃபோ கட்டளை காட்டும். அதில் விர்ச்சுவல் சைஸ் என்பது சொன்ன அளவு, டிஸ்க் சைஸ் என்பது இப்போது பிடித்திருக்கும் இடம்.

விஎம்மின் பெயரைத் தமிழிலோ பர்மிய எழுத்திலோ வைக்காதீர்கள், இடைவெளியும் விடாதீர்கள். அதே பெயர்தான் பின்னால் ஹோஸ்ட்நேமாகவும் (நெட்வொர்க்கில் கணினியின் பெயர்) போகப் போகிறது. அதற்கு ரோமன் எழுத்து, எண், ஹைஃபன் மட்டுமே சரிப்படும்.

மூலத்துக்குள் முதலில் முழு அப்டேட். அடுத்து நேரம்: சூடோ டைம்டேட்சிடிஎல் செட்-டைம்ஜோன் ஏசியா/யாங்கோன் (இரண்டு சொல்லுக்கும் முதலெழுத்து பேரெழுத்து). மியன்மார் நேரம் உலகப் பொது நேரமான யுடிசியோடு 6 மணி 30 நிமிடம் கூட்டியது. அந்த அரை மணி நேரத்தை மறந்து பாங்காக் நேரத்தை வைத்தால், பத்து நகலிலும் லாக் கோப்புகளின் நேரம் தப்பாகிவிடும். ரொம்பப் பழைய விநியோகம் என்றால் யாங்கோன் பட்டியலில் இருக்காது, ஏசியா/ரங்கூன் என்றுதான் இருக்கும். 2016இல்தான் நேர மண்டலத் தரவில் பெயர் மாறியது. இரண்டும் ஒரே நேரம்தான்.

எழுத்துருக்களையும் இப்போதே போட்டுவிடுங்கள். ஃபான்ட்ஸ்-நோட்டோ-கோர் என்ற ஒரே பொதியில் தமிழும் வருகிறது, பர்மியமும் வருகிறது. மியன்மார் 2019 அக்டோபர் 1 முதல் யூனிகோடுக்கு மாறிவிட்டாலும், பழைய கோப்புகள் பல இன்னும் ஸாவ்ஜி என்ற பழைய பர்மிய எழுத்துரு முறையில் இருக்கின்றன. அதற்காக மூலத்தில் ஸாவ்ஜி எழுத்துருவை ஏற்றி வைக்காதீர்கள். யூனிகோடு எழுத்தும் உருக்குலைந்து தெரியத் தொடங்கும், பத்து நகலிலும். பழைய கோப்பை யூனிகோடாக மாற்றிக்கொள்வதே நல்லது.

எஸ்எஸ்ஹெச் சர்வர், எடிட்டர், வகுப்புக்கான நிரல்கள், மாணவர் கணக்கு எல்லாம் போட்டபிறகு ஆப்ட் க்ளீன் ஓட்டி, இறக்கிய பொதிகளின் மிச்சத்தைக் கழித்துவிடுங்கள். நகல் ஒவ்வொன்றும் அந்த அளவுக்குச் சிறுக்கும்.

கடைசியாக மூலத்தை ஒழுங்காக அணையுங்கள்:

சூடோ விர்ஷ் ஷட்டவுன் மூலம்

இது பவர் பட்டனை அழுத்துவது போலத்தான், விஎம் தானாக அணைய அரை நிமிடம் ஆகலாம். விர்ஷ் டெஸ்ட்ராய் என்று ஒரு கட்டளையும் உண்டு. பெயரைப் பார்த்தால் விஎம்மையே அழித்துவிடும் போலத் தெரியும். அது கோப்பை அழிப்பதில்லை, பிளக்கைப் பிடுங்குவதற்குச் சமம். மூலத்தை அப்படி அணைத்தால் அரைகுறையாக எழுதிய கோப்பு முறைமைதான் பத்து நகலுக்கும் போகும். லிஸ்ட் --ஆல் தட்டி, ஷட் ஆஃப் என்று வந்ததைக் கண்ணால் பார்த்தபிறகே அடுத்த படி. ஓடிக்கொண்டிருக்கும் விஎம்மை விர்ட்-குளோன் ஏற்றுக்கொள்ளாது, பிழை சொல்லி நின்றுவிடும். ஆனால் டிஸ்க் கோப்பை நீங்களே சிபி கட்டளையால் நகலெடுத்தால் யாரும் தடுக்கமாட்டார்கள், எழுத்து நடுவில் இருந்த டிஸ்க்தான் கைக்கு வரும். அந்தக் குறுக்கு வழி வேண்டாம்.

முழு நகல்

மூலத்தின் டிஸ்க் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ள சூடோ விர்ஷ் டோம்பிளாக்லிஸ்ட் மூலம். பெரும்பாலும் /வார்/லிப்/லிப்வர்ட்/இமேஜஸ் அடைவில் இருக்கும். இனி:

சூடோ விர்ட்-குளோன் --ஒரிஜினல் மூலம் --நேம் வகுப்பு01 --ஃபைல் /வார்/லிப்/லிப்வர்ட்/இமேஜஸ்/வகுப்பு01.கியூகவ்2

--ஃபைல் போடாமல் --ஆட்டோ-குளோன் என்று விட்டால் கோப்புப் பெயரை அதுவே வைத்துக்கொள்ளும். நாமே வைப்பதுதான் நல்லது. ஆறு மாதம் கழித்து எந்தக் கோப்பு எந்த விஎம்முடையது என்று தேட வேண்டியிராது.

சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க்கில் 5 ஜிபி நகலுக்குச் சில நிமிடம் பிடிக்கும், ஏனென்றால் வாசிப்பதும் எழுதுவதும் ஒரே டிஸ்க். எஸ்எஸ்டியில் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

நகலெடுக்கும் நேரத்தில் கரண்ட் போவது இங்கே அபூர்வம் இல்லை. இன்வர்ட்டரில் ஓடும் கணினி என்றால் தொடங்கும் முன் பாட்டரியைப் பாருங்கள். அப்படியும் நடுவில் கணினி அணைந்துவிட்டால் இதை நினைவில் வையுங்கள்: விர்ட்-குளோன் புது விஎம்மைப் பட்டியலில் முதலில் பதிவு செய்துவிட்டு, அதற்குப் பிறகுதான் டிஸ்க்கை நகலெடுக்கத் தொடங்குகிறது. கரண்ட் வந்து பார்த்தால் வகுப்பு01 பட்டியலில் ஒழுங்காக நிற்கும், கோப்பும் இருக்கும், உள்ளே பாதி டிஸ்க்தான். பெயர் இருக்கிறது என்பதை வைத்து வேலை முடிந்ததாக எண்ணாதீர்கள். சந்தேகம் வந்தால், நகலை எழுப்பும் முன், இரண்டும் அணைந்திருக்கும்போது:

சூடோ கியூஇஎம்யூ-ஐஎம்ஜி கம்பேர் மூலம்.கியூகவ்2 வகுப்பு01.கியூகவ்2

இரண்டும் ஒன்றே என்று பதில் வந்தால் நிம்மதி. இல்லையென்றால் சூடோ விர்ஷ் அன்டிஃபைன் வகுப்பு01 தட்டிப் பதிவை நீக்கி, அரைகுறைக் கோப்பை ஆர்எம் கட்டளையால் கையால் அழித்துவிட்டு மறுபடி நகலெடுங்கள். விஎம் பயாஸுக்குப் பின் வந்த யுஇஎஃப்ஐ முறையில் நிறுவியது என்றால் அன்டிஃபைனோடு --என்விராம் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் நீக்க மறுக்கும். எல்லா டிஸ்க்கையும் சேர்த்து அழிக்கும் விருப்பம் ஒன்றும் உண்டு. புதியவர்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம். எந்தக் கோப்பு போகிறது என்று பெயர் சொல்லி அழிப்பதே பாதுகாப்பு.

நகலுக்குள் மாறாதவை

விர்ட்-குளோன் மாற்றுவது வெளியே இருப்பதை மட்டும்தான்: விஎம்மின் பெயர், யுயுஐடி என்ற தனி அடையாள எண், நெட்வொர்க் கார்டின் வன்பொருள் முகவரியான மேக் முகவரி, டிஸ்க் கோப்பின் பாதை. டிஸ்க்குக்குள் அது கை வைப்பதே இல்லை.

அதன் விளைவைப் பார்ப்போம். உபுண்டு சர்வரை மூலமாக வைத்து இரண்டு நகல் எடுத்து இரண்டையும் எழுப்புகிறீர்கள். மேக் முகவரி இரண்டுக்கும் வேறு வேறு, 52:54:00 என்று தொடங்கி மீதி எண்கள் மாறியிருக்கும். அப்படியானால் ஐபியும் வேறாக வரவேண்டும் அல்லவா? ஐபி முகவரிகளைப் பங்கிட்டுத் தருவது டிஹெச்சிபி. சூடோ விர்ஷ் நெட்-டிஹெச்சிபி-லீசஸ் டீஃபால்ட் என்று பாருங்கள். இரண்டு வரி எதிர்பார்த்த இடத்தில் ஒரே வரிதான், 192.168.122 வரிசையில் ஒரே முகவரி. எஸ்எஸ்ஹெச் போட்டால் ஒரு முறை முதல் நகலுக்குள் போகும், இன்னொரு முறை இரண்டாவதற்குள் போகும், நடுநடுவே தொங்கும்.

காரணம் அந்தப் பட்டியலின் கடைசிப் பத்தியில் இருக்கிறது. எஃப்எஃப் என்று தொடங்கும் நீண்ட எண் ஒன்று அங்கே தெரியும். உபுண்டு சர்வரில் முகவரி கேட்கும் சிஸ்டம்டி-நெட்வொர்க்டி, மேக் முகவரியைச் சொல்லிக் கேட்பதில்லை. /இடிசி/மெஷின்-ஐடி கோப்பிலுள்ள 32 எழுத்து எண்ணிலிருந்து ஓர் அடையாளம் செய்து, அதைச் சொல்லிக் கேட்கிறது. மூலத்தின் எண் அப்படியே நகலுக்குப் போய்விட்டதால், கேட்பவர் ஒருவரே என்று டிஹெச்சிபி நினைத்து ஒரே முகவரியைக் கொடுக்கிறது. மேக்கை எத்தனை முறை மாற்றினாலும் இது தீராது, மெஷின்-ஐடியை மாற்றினால்தான் தீரும்.

அடுத்தது எஸ்எஸ்ஹெச் ஹோஸ்ட் சாவிகள். பத்து நகலிலும் ஒரே சாவி இருந்தாலும் எந்தப் பிழையும் வராது. அதனால்தான் இது ஆபத்து. ஒரு நகலில் ரூட் அனுமதி உள்ள மாணவர் அந்தச் சாவியை எடுத்துக்கொண்டு மற்ற ஒன்பதில் எதுவாகவும் வேடம் போட முடியும். வகுப்பில் பரவாயில்லை என்று விட்ட பழக்கம் நாளைக்கு அலுவலகச் சர்வரிலும் தொடரும். முதல் நாளிலிருந்தே மாற்றிப் பழகுங்கள்.

மூன்றாவது ஹோஸ்ட்நேம். கையால் மாற்றுகிறவர்கள் ஹோஸ்ட்நேம்சிடிஎல் கட்டளையோடு நிறுத்திவிடுகிறார்கள். டெபியன், உபுண்டுவில் /இடிசி/ஹோஸ்ட்ஸ் கோப்பில் 127.0.1.1 என்று ஒரு வரி இருக்கும், அதில் பழைய பெயர் அப்படியே நிற்கும். அதற்குப் பிறகு சூடோ தட்டும்போதெல்லாம் ஹோஸ்ட் பெயரைத் தீர்க்க முடியவில்லை என்று புலம்பும். இரண்டு இடத்திலும் மாற்ற வேண்டும்.

அடையாளங்களைக் கழற்றுதல்

இத்தனையையும் விஎம்மை எழுப்பாமலே செய்து தருவது விர்ட்-சிஸ்ப்ரெப். அணைந்திருக்கும் விஎம்மின் டிஸ்க்கைத் திறந்து, மெஷின்-ஐடி, ஹோஸ்ட் சாவிகள், லாக், பாஷ் வரலாறு, டிஹெச்சிபி எச்சங்கள் எல்லாவற்றையும் துடைத்துவிடும். ஓடும் விஎம் மீது இதை ஒருபோதும் ஏவாதீர்கள், டிஸ்க் கெட்டுப்போகும். மூலத்தின் மீதும் ஏவாதீர்கள். நகலின் பெயரைத்தான் கொடுக்கிறோமா என்று ஒரு முறைக்கு இரண்டு முறை பார்த்துவிட்டு என்டர் அழுத்துங்கள்.

சூடோ விர்ட்-சிஸ்ப்ரெப் -டி வகுப்பு01 --ஹோஸ்ட்நேம் வகுப்பு01 --ஆபரேஷன்ஸ் டீஃபால்ட்ஸ்,-எஸ்எஸ்ஹெச்-யூசர்டிர் --ஃபர்ஸ்ட்பூட்-கமாண்ட் 'டிபிகேஜி-ரீகான்ஃபிகர் ஓபன்எஸ்எஸ்ஹெச்-சர்வர்'

நீளமான வரிதான், ஆனால் ஒவ்வொரு துண்டுக்கும் காரணம் இருக்கிறது. ஆபரேஷன்ஸ் பகுதி இல்லாவிட்டால், பயனர்களின் எஸ்எஸ்ஹெச் அடைவுகளையும் சேர்த்துத் துடைத்துவிடும். மூலத்தில் நீங்கள் போட்டு வைத்த பொதுச் சாவி போய்விடும், கடவுச்சொல் இல்லாத உள்நுழைவையே நம்பியிருந்தால் நகலுக்குள் நுழையவே முடியாது. டீஃபால்ட்ஸ், அதன்பின் காற்புள்ளி, ஹைஃபன், எஸ்எஸ்ஹெச்-யூசர்டிர் என்று போட்டால் வழக்கமானவை எல்லாம் நடக்கும், அது மட்டும் நடக்காது. நடுவில் இடைவெளி விடக்கூடாது.

கடைசித் துண்டு டெபியன், உபுண்டுவுக்கு அவசியம். ஃபெடோரா வகையில் ஹோஸ்ட் சாவி இல்லையென்றால் எஸ்எஸ்ஹெச் சர்வர் எழும்போது தானே புதிதாகச் செய்துகொள்ளும். டெபியன் வகையில் அப்படி இல்லை. சாவி இல்லாத சர்வர் எழவே எழாது, நகல் ஓடிக்கொண்டிருக்கும், எஸ்எஸ்ஹெச் மட்டும் மறுக்கப்படும். முதல் முறை எழும்போது அந்த ரீகான்ஃபிகர் ஓடிப் புதுச் சாவிகளைச் செய்கிறது. இதை மறந்துவிட்டீர்களென்றால் விர்ட்-வியூவர் வழியாகவோ விர்ஷ் கன்சோல் வழியாகவோ உள்ளே போய் அதே கட்டளையைக் கையால் ஓட்டுங்கள்.

மூலத்தை ஒரு தடவை சிஸ்ப்ரெப் செய்துவிட்டு, அதிலிருந்து பத்து நகல் எடுத்தால் போதாதா என்று தோன்றும். பல வழிகாட்டிகள் அப்படித்தான் சொல்கின்றன. நாங்கள் அதைச் சொல்வதில்லை. சில பதிப்புகளில் விர்ட்-சிஸ்ப்ரெப் மெஷின்-ஐடியை வெறுமையாக்கிய கையோடு ஒரு புது எண்ணையும் எழுதிவிடுகிறது. அப்படியானால் பத்து நகலுக்கும் அந்தப் புது எண்தான், பழைய சிக்கல் அப்படியே திரும்பிவரும். பதிப்பு சரியாக இருந்தாலும், யாராவது மூலத்தை ஒரே ஒரு முறை எழுப்பிவிட்டால் போதும், அந்தக் கோப்பு நிரம்பிவிடும். ஒவ்வொரு நகலின் மீதும் தனித்தனியாக ஓட்டினால் இரண்டு கவலையும் இல்லை. ஹோஸ்ட்நேமும் அதே ஓட்டத்தில் மாறிவிடுகிறது. நகலுக்குச் சராசரியாக ஒரு நிமிடம் கூடும், அவ்வளவுதான்.

நடந்ததா என்று எழுப்பாமலே பார்க்கலாம்:

சூடோ விர்ட்-கேட் -டி வகுப்பு01 /இடிசி/மெஷின்-ஐடி

வெறுமையாக வரலாம், அல்லது மூலத்தில் இல்லாத வேறு எண் வரலாம். இரண்டும் சரி. மூலத்தின் எண்ணே வந்தால் எங்கோ தவறியிருக்கிறது. கையால் சரிசெய்ய வேண்டிவந்தால் நகலுக்குள் போய், ட்ரங்கேட் -எஸ் 0 /இடிசி/மெஷின்-ஐடி என்று வெறுமையாக்கி ரீபூட் செய்யுங்கள். கோப்பையே அழிக்காதீர்கள், வெறுமையான கோப்பாக இருக்கட்டும்.

கிளவுட் இமேஜை (ஏற்கெனவே நிறுவித் தயாராகக் கிடைக்கும் டிஸ்க் கோப்பு) மூலமாக வைத்தவர்களுக்கு இன்னொரு பொறி இருக்கிறது. /இடிசி/நெட்பிளான் அடைவிலுள்ள கோப்பில், மூலத்தின் மேக் முகவரியோடு பொருந்தும் கார்டுக்கு மட்டும் என்று எழுதியிருக்கும். நகலுக்கு மேக் மாறிவிட்டதால் நெட்வொர்க்கே எழாது. மூலத்தை அணைக்கும் முன் சூடோ கிளவுட்-இனிட் க்ளீன் --லாக்ஸ் ஓட்டினால் அடுத்த எழுச்சியில் அந்தக் கோப்பு புதிதாக எழுதப்படும்.

பத்தும் ஒரே ஓட்டத்தில்

ஒன்று சரியாக வந்தபிறகே மற்றவை. பாஷில் ஒரு சுற்று எழுதிக்கொள்ளலாம்: ஃபார் என் இன் 01 02 03 என்று 10 வரைக்கும், டூ, விர்ட்-குளோன் வரி, அடுத்து விர்ட்-சிஸ்ப்ரெப் வரி, டன். இரண்டு வரிகளுக்கும் நடுவில் இரண்டு ஆம்பர்சண்ட் போடுங்கள். நகலெடுப்பு தோற்றால் சிஸ்ப்ரெப் ஓடாது. பெயர் வரும் இடத்தில் வகுப்பு என்பதோடு டாலர் குறி, நெளி அடைப்புக்குள் என். இலக்கத்தை 1, 2 என்று வைக்காமல் 01, 02 என்று வைத்தால் பட்டியலில் 10 வந்து 2க்கு முன்னால் நிற்காது.

ராம் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 16 ஜிபி ஹோஸ்ட்டில் 2 ஜிபி வீதம் பத்தை ஒரே நேரத்தில் எழுப்ப முடியாது. ஆறு வரை நிம்மதியாக ஓடும், மீதி ராம் ஹோஸ்ட்டுக்கு. வரைகலைத் திரை இல்லாத சர்வர் நகல் என்றால் 1 ஜிபி போதும், பத்தும் ஓடும்.

டிஸ்க் போதாதபோது: இணைப்பு நகல்

240 ஜிபி எஸ்எஸ்டி மட்டும் உள்ள கணினியில் பத்து முழு நகல் வைப்பது நெருக்கடிதான். அதற்கு இணைப்பு நகல் இருக்கிறது. மூலத்தின் டிஸ்க்கை அடியில் வைத்து, மாறுகிற பகுதியை மட்டும் மேலே தனிக் கோப்பில் எழுதும் முறை. மேல் கோப்பு பிறக்கும்போது சில நூறு கேபிதான் இருக்கும், ஒரு நொடியில் தயார்.

சூடோ கியூஇஎம்யூ-ஐஎம்ஜி கிரியேட் -எஃப் கியூகவ்2 -பி /வார்/லிப்/லிப்வர்ட்/இமேஜஸ்/மூலம்.கியூகவ்2 -எஃப் கியூகவ்2 /வார்/லிப்/லிப்வர்ட்/இமேஜஸ்/வகுப்பு01.கியூகவ்2

இங்கே முதல் எஃப் சிற்றெழுத்து, இரண்டாவது எஃப் பேரெழுத்து. பேரெழுத்து எஃப் என்பது அடியிலுள்ள கோப்பின் வடிவம். பழைய பதிப்பில் விட்டாலும் ஓடும், கியூஇஎம்யூ 6.1 முதல் கட்டாயம். இனி விர்ட்-குளோனிடம் டிஸ்க்கைத் தொடாதே, இதையே எடுத்துக்கொள் என்று சொல்ல வேண்டும்: முன்பு போட்ட அதே வரியோடு --பிரிசர்வ்-டேட்டா சேருங்கள். சிஸ்ப்ரெப் வழக்கம் போல, மேல் கோப்பைத்தான் மாற்றும்.

இணைப்பு நகல் எடுத்த நிமிடத்திலிருந்து மூலத்தை எழுப்பவே கூடாது. அடியிலுள்ள டிஸ்க்கில் ஒரு எழுத்து மாறினாலும் மேலே உள்ள எல்லா நகலும் கெடும், மீட்க வழியில்லை. சும்மா ஒரு அப்டேட் போட்டுவிடலாம் என்று எழுப்பிவிடுகிறார்கள், வகுப்பு முழுக்கப் போய்விடுகிறது. மூலத்தின் டிஸ்க் கோப்புக்கு சிஎச்மோட் 0444 போட்டு எழுத்து அனுமதியை எடுத்துவிடுங்கள். தெரியாமல் யாராவது எழுப்பினாலும் அனுமதி மறுக்கப்பட்டு நின்றுவிடும். அப்டேட் வேண்டுமானால் மூலத்தின் முழு நகல் ஒன்று எடுத்து, அதைப் புது மூலமாக்குங்கள்.

மேல் கோப்புகள் வளரும் என்பதையும் மறக்காதீர்கள். ஹோஸ்ட் டிஸ்க் நிரம்பிவிட்டால் விஎம்கள் ஒவ்வொன்றாக உறைந்து, பட்டியலில் பாஸ்டு என்று நிற்கும். விர்ஷ் டோம்பிளாக்எரர் தட்டினால் இடமில்லை என்று காரணம் சொல்லும். ஹோஸ்ட்டில் இடம் ஏற்படுத்திவிட்டு விர்ஷ் ரெஸ்யூம் கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து ஓடும்.

எங்கள் கருத்து: தினமும் அழித்துப் புதிதாகத் தரும் வகுப்பு நகல்களுக்கு இணைப்பு முறை. நாள்பட ஓடி, உள்ளே தரவு சேரப்போகும் விஎம்முக்கு முழு நகலே.

விர்ச்சுவல்பாக்ஸில்

விபாக்ஸ்மேனேஜ் லிஸ்ட் விஎம்ஸ் என்று பெயர் பார்த்துக்கொண்டு:

விபாக்ஸ்மேனேஜ் குளோன்விஎம் மூலம் --நேம் வகுப்பு01 --ரெஜிஸ்டர்

--ரெஜிஸ்டர் விட்டால் நகல் டிஸ்க்கில் இருக்கும், பட்டியலில் தெரியாது. மேக் முகவரிகள் தாமாகவே புதிதாகும். இணைப்பு நகல் வேண்டுமானால் முதலில் மூலத்துக்கு ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து, குளோன்விஎம் வரியில் --ஸ்னாப்ஷாட் பெயரும் --ஆப்ஷன்ஸ் லிங்க்கும் சேர்க்க வேண்டும்.

விடிஐ கோப்பைக் கையால் நகலெடுத்துச் சேர்த்தால், இதே யுயுஐடி உள்ள டிஸ்க் ஏற்கெனவே இருக்கிறது என்று மறுக்கும். விபாக்ஸ்மேனேஜ் குளோன்மீடியம் வழியாக எடுத்தால் புது யுயுஐடியோடு வரும். எல்லா நகலும் 10.0.2.15 என்று காட்டுவதைப் பார்த்துப் பலர் பதறுகிறார்கள். நாட் முறையில் அது கோளாறு இல்லை, ஒவ்வொரு விஎம்மும் தனித் தனிச் சுவருக்குள் இருப்பதால் எல்லாவற்றுக்கும் அதே முகவரிதான். ஒன்றோடொன்று பேச வேண்டுமானால் ஹோஸ்ட்-ஒன்லி அல்லது நாட் நெட்வொர்க் முறைக்கு மாற்றுங்கள். மாற்றியதும் மேலே சொன்ன மெஷின்-ஐடி சிக்கல் இங்கேயும் தலைகாட்டும். விபாக்ஸ்மேனேஜும் டிஸ்க்குக்குள் எதையும் மாற்றுவதில்லை.

வேறு ஊருக்குக் கொண்டுபோக

யாங்கோனில் தயாரித்த விஎம்மை மோல்மேனிலோ தாட்டோனிலோ உள்ள கணினிக்கு நெட்டில் அனுப்புவதைவிட டிஸ்க்கில் போட்டுக் கொடுத்தனுப்புவது சுலபம். முதலில் சுருக்குங்கள்:

சூடோ கியூஇஎம்யூ-ஐஎம்ஜி கன்வர்ட் -சி -ஓ கியூகவ்2 வகுப்பு01.கியூகவ்2 அனுப்ப.கியூகவ்2

இதில் ஓ மட்டும் பேரெழுத்து. இணைப்பு நகலாக இருந்தாலும் இந்தக் கட்டளை அடியையும் மேலையும் சேர்த்து ஒரே தனிக் கோப்பாகத் தரும். பென் டிரைவ் ஃபேட்32 என்றால் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பை ஏற்காது, எக்ஸ்ஃபேட்டாக ஃபார்மட் செய்துகொள்ளுங்கள். கோப்போடு சூடோ விர்ஷ் டம்ப்எக்ஸ்எம்எல் வகுப்பு01 தரும் அமைப்பு விவரத்தையும் (எக்ஸ்எம்எல்) ஒரு கோப்பில் சேமித்து வையுங்கள். கோப்பின் கைரேகை போன்ற எஸ்ஹெச்ஏ256சம் எண்ணையும் எடுத்துத் தனியாகக் குறித்து அனுப்புங்கள். அங்கே இறக்கியபின் அதே எண் வரவேண்டும், ஒரு எழுத்து மாறினாலும் மறுபடி நகலெடுக்கச் சொல்லுங்கள்.

அங்கே டிஸ்க் கோப்பை இமேஜஸ் அடைவில் வைத்து, எக்ஸ்எம்எல்லில் டிஸ்க் பாதையைத் திருத்தி, விர்ஷ் டிஃபைன் கொடுத்தால் விஎம் பட்டியலில் வரும். எழுப்பும்போது மெஷின் வகை ஆதரவில்லை என்று பிழை வந்தால், அந்தக் கணினியின் கியூஇஎம்யூ பழையது. எக்ஸ்எம்எல்லில் மெஷின் என்ற இடத்தில் பிசி-கியூ35 என்பதற்குப் பின்னால் உள்ள பதிப்பு எண்ணை நீக்கி, வெறும் கியூ35 என்று வைத்து மறுபடி டிஃபைன் செய்யுங்கள். நெட்வொர்க் பெயர் இல்லை என்று வந்தால் அங்கே டீஃபால்ட் நெட்வொர்க் எழவில்லை. விர்ஷ் நெட்-ஸ்டார்ட் டீஃபால்ட், அதோடு விர்ஷ் நெட்-ஆட்டோஸ்டார்ட் டீஃபால்ட்.

கரண்ட் போய் வந்து ஹோஸ்ட் எழும்போது விஎம்மும் தானாக எழ வேண்டுமானால் விர்ஷ் ஆட்டோஸ்டார்ட் வகுப்பு01 என்று ஒவ்வொரு நகலுக்கும் தனியாகக் கொடுக்க வேண்டும். மூலத்தில் போட்டிருந்தாலும் அந்த அமைப்பு நகலோடு வராது. ஹோஸ்ட்டை நீங்கள் முறைப்படி அணைக்கும்போது விஎம்களும் முறைப்படி அணைய, /இடிசி/டீஃபால்ட்/லிப்வர்ட்-கெஸ்ட்ஸ் கோப்பில் ஆன்_ஷட்டவுன் (எல்லாம் பேரெழுத்து) என்ற வரி ஷட்டவுன் என்று இருக்கிறதா பாருங்கள். அங்கேயே ஷட்டவுன்_டைம்அவுட் (இதுவும் பேரெழுத்து) என்பதன் மதிப்பு நொடிக் கணக்கில். இன்வர்ட்டர் பாட்டரி தாங்கும் நேரத்தைவிட அது குறைவாக இருக்கட்டும்.